நின்ற வண்டியில் அணைக்கக் கூடாது

டிக், டக். டிக், டக்.

காரின் முகப்புப் பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. சிவப்பு முக்கோணப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. ஆனாலும், நான்கு மூலை இண்டிகேட்டர்களும் சேர்ந்து மின்னும்போது வண்டிக்குள் கேட்குமே, அந்தச் சத்தம், விசாரணை அலுவலக வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்த ஏட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. இடது கையால் பொத்தானை அமுக்கினார். விளக்குகள் மின்னின. மறுபடி அமுக்கினார். மின்னுவது நின்றது, சத்தம் நிற்கவில்லை.

நாற்பது நாளாக இதே தொல்லை. சாப்பிடும்போது தட்டுக்கு அடியிலிருந்தும், படுத்தால் தலையணைக்கு உள்ளிருந்தும் கேட்கிறது. காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காதுல ஒண்ணுமே இல்லீங்க" என்று கையைக் கழுவிவிட்டார். ஒன்றுமே இல்லாத காதுக்குள் ஒரு கார் நின்று மின்னிக்கொண்டிருக்கிறது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஏட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவருடைய வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்ததால் இப்போதெல்லாம் வண்டி அவள் கையில்தான்.

"என்னங்க கேட்டாங்க உள்ள?"

"கேட்டதையே கேட்டாங்க. எழுதினதையே சொன்னேன்."

"வாத்தியார் வீட்டம்மா வெளியிலதான் நின்னுட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டாங்க."

ஏட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வண்டி மலைப்பாதையில் இறங்க ஆரம்பித்தது. மணி நாலுதான், ஆனால் பள்ளத்திலிருந்து பனி எழுந்து, சாலையோரக் கற்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணின் வாடை, அதற்கடியில் தேய்ந்த பிரேக்கின் கருகல், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த டிக், டக்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. ஓட்டுநர் பயிற்சி வாத்தியார். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள்தான். ஏட்டின் மனைவியும் அதில் ஒருத்தி. போலீஸ் கை காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் நாள் தவறாமல் ஒப்பிக்க வைப்பார். இண்டிகேட்டர் போடு, வேகத்தைக் குறை, ஓரம் கட்டு, நின்ற பிறகு நாலையும் போடு. ஓடுகிற வண்டியில் போடக் கூடாது, நின்ற வண்டியில் அணைக்கக் கூடாது.

அப்படிப்பட்டவரைத்தான் நாற்பது நாளுக்கு முன்னால், இதே பனியில், ஏட்டு ஒரு வளைவில் கை காட்டி நிறுத்தினார். பெரிய குற்றம் ஒன்றுமில்லை, காகிதம் பார்ப்பதற்குத்தான். வாத்தியார் ஒழுங்காக ஓரம் கட்டினார், நாலையும் போட்டார், காகிதங்களை நீட்டினார். அதோடு விட்டிருக்கலாம். "சார், தப்பா நினைக்காதீங்க. வளைவுல நிறுத்தச் சொல்லக் கூடாது சார். பின்னால வர்றவனுக்குத் தெரியாது" என்றார்.

ஏட்டுக்குச் சுருக்கென்றது. நடுரோட்டில் எனக்கே பாடமா என்று தோன்றியது. "கண்ணு கூசுது. முதல்ல அதை அணை" என்றார்.

"பனியா இருக்கே சார்..."

"அணைன்னா அணை!"

வாத்தியார் அணைத்தார். சின்னப்பிள்ளை போல முகம் தொங்கிவிட்டது. ஏட்டு வேண்டுமென்றே காகிதங்களை முதலிலிருந்து மறுபடி புரட்டினார். மூன்றாவது பக்கம் புரட்டும்போது லாரி வந்தது.

தூக்கி எறியப்பட்ட ஏட்டுக்கு மணிக்கட்டும் கைக்கடிகாரமும் உடைந்தன. வாத்தியாரை மடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அறிக்கையை ஏட்டு மருத்துவமனைக் கட்டிலிலேயே சொல்லி எழுதவைத்தார்: 'எச்சரிக்கை விளக்குகளைப் போடாமல் நிறுத்தியிருந்தார்.' செத்தவர் மேல் பழி போட்டாயிற்று. வேலை தப்பியது. இன்றைக்கு உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதையும் விழுங்கிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏங்க," என்றாள் மனைவி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிஜமாவே வாத்தியார் லைட் போடலையா?"

டிக், டக்.

"போடல."

"வேற யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க எழுதியிருக்கீங்க. அதனால நம்பறேன்."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருமி அதை மறைத்தார்.

முன்னால் பனிக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. நிறுத்தச் சொல்லும் ஆட்டம்.

"நிறுத்தாதே," என்றார் ஏட்டு.

"போலீஸ்ங்க. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" அவள் வாய்க்குள் முணுமுணுத்தபடி இண்டிகேட்டரைப் போட்டாள், வேகத்தைக் குறைத்தாள், ஓரம் கட்டினாள், நின்றாள். பிறகு சிவப்பு முக்கோணத்தை அமுக்கினாள். இப்போது வண்டிக்கும் அவர் காதுக்கும் ஒரே சத்தம். ஒரே தாளம். இடதுபுறம் பாறை. பாறையில் நீளமாக ஒரு வெள்ளைக் கீறல், அதன் அடியில் இன்னும் பெருக்கி முடியாத கண்ணாடித் தூள்.

அதே வளைவு.

சரளைக் கற்களில் காலடி கேட்டது. அவசரமில்லாத நடை. அவள் கண்ணாடியை இறக்கினாள். பனி உள்ளே வந்தது. வெளியே நின்றவனின் இடுப்பும் மார்பும் தெரிந்தன, முகம் கூரைக்கு மேலே இருந்தது. சீருடை. பட்டன் வரை இஸ்திரி. காகிதத்துக்காக நீட்டிய வலது கை. அதில் ஒரு கடிகாரம்.

அறுந்த வாரைக் கறுப்பு நூலால் ஏட்டே சுற்றிக் கட்டிய கடிகாரம். அன்று நொறுங்கியது. இங்கே முள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து என்ன வரும் என்று ஏட்டுக்குத் தெரியும். அணைக்காதே என்று இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் எல்லாமே சொல்ல வேண்டும். ஒரு மூச்சு தயங்கினார். ஒரே ஒரு மூச்சு.

"கண்ணு கூசுது," என்றது குரல். "முதல்ல அதை அணை."

"அணைக்காதே!"

கத்தியதாகத்தான் நினைத்தார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அவள் விரல் பொத்தானை அமுக்கியது.

சத்தம் நின்றது. வண்டியிலும் நின்றது. காதிலும் நின்றது. நாற்பது நாளில் முதல் தடவையாக.

ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள், கொஞ்சம் குழப்பமாக, கொஞ்சம் பிரியமாக. "அணைச்சுட்டேன். போதுமா? வாத்தியார் கூடாதும்பாரு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நான் சொல்லல."

"உங்க குரல் எனக்குத் தெரியாதாங்க?"

இடது கையால் பொத்தானை அமுக்கினார். மின்னவில்லை. மறுபடி. மறுபடி. பக்கக் கண்ணாடியில் பனி மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு கறை. பிறகு இரண்டு விளக்குகள், உயரத்தில், அகலமாக.

அவள் இன்னும் அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.