வெள்ளை நூல் பட்டன்

கறுப்புக் கோட்டின் நடுப் பட்டனை மட்டும் யாரோ வெள்ளை நூலால் தைத்திருந்தார்கள். வேலை தேடும் தளத்தில் போட்ட தன் புரொஃபைல் போட்டோவை விரலால் பெரிதாக்கியபோதுதான் நெல்சன் அதைக் கவனித்தான்.

கோட்டு அவனுடையதில்லை. ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிலுவைமுத்து, டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தவனைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஒரு கோட்டின் மேல் அவன் தலையை ஒட்டிக் கொடுத்தார். "நம்மாண்ட கீற கோட்லயே இதான் டாப்பு நைனா. ஒரு சுருக்கம் கீதா பாரு."

பழைய போட்டோவில் பின்னால் துணிக்கொடியும் காரை பெயர்ந்த சுவரும் தெரியும். பட்டம் வாங்கியும் அவன் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். கோட்டு ஏறிய வாரமே வீடியோ இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்துவிட்டது. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இவர்களுக்கு ஆள் கால்வாசிகூட வேண்டாம் போலிருக்கிறது என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

இன்டர்வியூ அன்று சாயங்காலம். அம்மா ஐரீன் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை நீட்டினான். சிரித்துக்கொண்டே பார்த்தவளின் முகம் சட்டென்று வெளுத்தது.

"இன்னாடா இது... நம்ம நிதிஷ் கோட்டுடா."

பக்கத்துத் தெரு நிதிஷ், நெல்சனோடு படித்தவன். வேலை தேடித் தேடியே போன வருஷம் செத்துப்போனான்.

"பொட்டில வெக்க சொல்ல பட்டன் அந்துகினு வந்துச்சி. கறுப்பு நூலு கெடைக்கல. நான்தான் வெள்ள நூல்ல தச்சேன்."

சவப்பெட்டியில் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக நிதிஷ் கிடக்க, சுற்றி உறவுக்காரர்கள் நிற்க, கடைசிப் படம் எடுத்தது சிலுவைமுத்துதான். சுருக்கம் எப்படி இருக்கும்? பிணம் அசையுமா?

"உசுரோட கீறப்போ அந்தப் புள்ளைக்கு ஒரு கோட்டு இல்ல. அந்தப் போட்டோவ எட்த்துட்றா."

"எட்த்தா இந்த இன்டர்வியூவும் பூடும்மா. இத்தன வருசமா ஒருத்தனாவது கூப்ட்டானா?"

ஐரீன் சிலுவை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

அவன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். வீட்டில் எப்போதும் இருக்கும் மீன் கவிச்சி மெல்ல விலகி, அந்த இடத்தில் வாடிய ரோஜா மாலையின் வாசமும் சாம்பிராணிப் புகையும் புது வார்னிஷ் நெடியும் வந்து தங்கின. இரவும் பகலும் ஓயாத லாரிகளின் இரைச்சல், யாரோ மேலே பலகையை வைத்து மூடியதுபோல் மங்கிக்கொண்டே போனது. பயமாக இருந்தது. எழுந்து போய்விடலாம். வேலை?

எழவில்லை.

திரையில் ஒரு பெண் வந்தாள். "போட்டோல பார்த்த மாதிரியே இருக்கீங்க நெல்சன். எவ்ளோ நேரா உட்கார்றீங்க!"

நன்றி சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

திரையின் மூலையில் அவன் முகம். கீழே கறுப்புக் கோட்டு. வெள்ளை நூல். குனிந்து தன் டி-ஷர்ட்டைப் பார்க்க முயன்றான். கழுத்து மடங்கவில்லை. கோட்டைப் பிய்த்தெறியக் கைகளைத் தூக்கினான். தூக்க முடிந்தது. வெள்ளைக் கையுறை. இரண்டு கைகளும். மெதுவாக வந்து நெஞ்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

பின்னாலிருந்து யாரோ விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினார்கள்.

"உங்கள மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்," என்று அந்தப் பெண் சிரித்தாள். "எப்போ ஜாயின் பண்றீங்க?"

திரையில், அவன் மூக்கில் பஞ்சு வைத்திருந்தது.