சீமெந்து பூசாத அறை

"வீடு இடிக்கிற பெக்கோ எட்டு மணிக்கு வந்திடும் அம்மா! உங்கட அறைச் சாமான் இன்னும் எடுக்கேல்லையே?"

பிரதாபன் முற்றத்தில் நின்று அதட்டினான். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அருளம்மா கோப்பையோடு வெளியே வந்தாள்.

நெடுந்தீவில் நூறு வருஷம் கண்ட, கடல் முருகைக்கல் வீடு அது. இப்போது முன்சுவர்களில் சீமெந்துப் பூச்சு தகடு தகடாக விழுகிறது. இடித்துவிட்டுப் புதுவீடு கட்டவென்றே மகன் கனடாவிலிருந்து மனைவியோடு வந்திருக்கிறான்.

"முன் விறாந்தையைக் கிளினிக்குக்குத் தரச்சொல்லி மருத்துவிச்சி பிரேமினி மிசி கேட்டவ, தம்பி... பிள்ளைத்தாச்சியள் வெயிலுக்குள்ள நிக்குதுகள்."

"விழுகிற வீட்டுக்குள்ளயோ?"

"ஒழுங்காப் பாத்திருந்தா இப்பிடி உக்குமே மாமி?" என்றாள் மருமகள் நிருஜா.

கனடாவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் போகாமல், இந்த வீட்டுக்காகவே தனித்துக் கிடந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது! அருளம்மா தேத்தண்ணியை அவளிடம் நீட்டினாள். வாய் திறந்தால் உண்மை வந்துவிடும்.

ஓடு கழற்ற வந்த மேசன் சந்தியோகு, சுத்தியலால் முன்சுவரைத் தட்டினார். பூச்சு விழுந்தது. உள்ளே கல் ஈரமாய், மாவாய்க் கொட்டியது. பின்னால் போய் அருளம்மாவின் அறைச் சுவரைத் தட்டினார். கணீரென்றது.

"தம்பி, இதை இடிக்க என்னால ஏலாது."

"அந்தச் சுவர் மட்டும் எப்பிடி...?"

"கொம்மா அதுக்குச் சீமெந்து பூச விடேல்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் தானே சுண்ணாம்பு அடிக்கிறவ. முருகைக்கல்லுக்குள்ள உப்பும் ஈரமும் கிடக்கும். சுண்ணாம்பெண்டால் வெளியில விடும். சீமெந்து மூடி அடைச்சுப் போட்டுது. பூசின அண்டைக்கே கொம்மாட்டைச் சொன்னனான்."

பிரதாபனின் முகம் இருண்டது. எட்டு வருஷத்துக்கு முன், 'வடிவாச் சீமெந்து பூசுங்கோ' என்று கனடாவிலிருந்து பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். வாசலுக்கு மேலே, அந்தச் சீமெந்தில், அவனுடைய பெயர் பொறித்திருந்தது.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பனிக்குள்ள நிண்டு உழைச்சு, ஆசையாச் செய்விச்சனி... எப்பிடியடா பிழையெண்டு சொல்லுவன்?" அருளம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "அண்டைக்கு நான் வாய் திறந்திருந்தா சுவர் தப்பியிருக்கும். குற்றம் என்னிலயும் இருக்கு, ராசா."

"ஐயோ அம்மா! வீட்டைக் கெடுத்தவன் நான்... உங்களையெல்லோ ஏசினனான்!"

அவன் அவளுடைய தோளில் முகம் புதைத்து விம்மினான். நிருஜா தலை குனிந்தபடி வந்து மாமியின் கையைப் பிடித்தாள்.

"முன்சுவர் தப்புமே, அண்ணை?" என்று கேட்டாள் அருளம்மா.

"சீமெந்தைக் கழட்டிக் காயவிட்டு, உக்கின கல்லை மாத்தினால் நிக்கும்."

பிரதாபன் போனை எடுத்தான். பெக்கோவை இறங்குதுறையிலேயே திருப்பி அனுப்பச் சொன்னான்.

"மிசியிட்டைச் சொல்லுங்கோ அம்மா... நத்தாருக்கு முதல் விறாந்தை தாறமெண்டு."

பிறகு சந்தியோகுவின் உளியை வாங்கிக்கொண்டு, வாசலில் கதிரை போட்டு ஏறினான். முதலில் தன் பெயரில் வைத்தான். கண்ணீரில் எழுத்து அவனுக்கு மங்கியது.

அருளம்மா கதிரையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா, தம்பி... கல்லில படாமல்."