டெண்டரில் குறைந்த கரி

டெண்டரில் கரி குறைந்திருந்தது.

நல்லகாமன் முதலில் நம்பவில்லை. ஜன்னல் பலகையைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டு, மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். முந்தின நாள் சாயங்காலம் அவன் கையாலேயே ஒட்டிய கரி. ரயில் ஷெட்டிலிருந்து பொறுக்கி வந்த நிஜ நிலக்கரியை நுணுக்கி, கடுகு அளவுக்குச் சலித்து, வச்சிரப் பசை தடவி, பொம்மை எஞ்சினுக்குப் பின்னால் கரி சுமந்துவரும் அந்தப் பெட்டியில் விளிம்பு தாண்டக் குவித்திருந்தான். இப்போது எஞ்சினைப் பார்த்த பக்கம் மட்டும் பள்ளமாகக் கிடந்தது. உதிர்ந்திருந்தால் மேசையில் கிடக்க வேண்டும். மேசையில் ஒரு துணுக்கு இல்லை.

"எலியா இருக்கும்ணே" என்றாள் தங்கை பாண்டியம்மாள், கதவு நிலையில் சாய்ந்தபடி. மாசமாக இருந்தாள். இப்போதெல்லாம் எங்கே நின்றாலும் சாய்ந்துதான் நிற்பாள்.

"கரி திங்கிற எலிய எங்கிட்டுப் பாத்த?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நல்லகாமனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. வருஷா வருஷம் ஷெட்டில் சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் வைத்துக் கும்பிடுவார்கள். இந்த வருஷம் ஃபிட்டர்கள் எல்லாரும் சேர்ந்து முழங்கை நீளத்தில் பித்தளையில் ஒரு எஞ்சினே செய்து, பெயிண்டரான அவனிடம் கொடுத்துவிட்டார்கள். கறுப்பு அடித்து, ஓரத்தில் சிவப்புக் கோடு இழுத்து, கைப்பிடிக் கம்பியை மினுக்கி, புகைபோக்கி வாயில் லேசாகப் புகைக்கறை ஏற்றி, ஓடிக் களைத்த எஞ்சின் மாதிரியே ஆக்கியிருந்தான். பெயிண்ட் வாசனையும் மழை வாசனையும் அந்தப் பின்கட்டு அறையில் கலந்து நின்றன.

இது சுருளியின் வேலைதான் என்று முடிவு கட்டினான். சுருளி தங்கையின் புருஷன். அதே ஷெட்டில் ஃபயர்மேன். எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். யாரையும் கிண்டல் செய்யாமல் அவனுக்குச் சோறு இறங்காது. போதாக்குறைக்கு, பித்தளை எஞ்சினுக்குள் நிற்கிற ஃபயர்மேன் பொம்மைக்கு நல்லகாமன் அவன் முகத்தையே வைத்துவிட்டான். வேண்டுமென்று செய்ததல்ல. எழுமலையில் அய்யனாருக்கு மண்குதிரை செய்கிற வேளார் வீட்டில் பிறந்த கை அது. களிமண்ணைத் தொட்டதும் சுண்டுவிரல் அளவுப் பொம்மையில் மாப்பிள்ளையின் சப்பை மூக்கும் முறுக்கு மீசையும் தாமாக வந்து உட்கார்ந்துவிட்டன. சூளையில் வைக்க நேரமில்லாமல் வெயிலில் காயவைத்து, கையில் ஒரு கரிவாரியைக் கொடுத்து, அடுப்பு வாயைப் பார்த்து ஒட்டினான். அடுப்புக்குள் சிவப்பு ஜிகினாத் தாள். விரல் பட்டு அழிந்துவிடும் என்று கண்ணை மட்டும், பொம்மையை ஒட்டிய பிறகு, பக்கவாட்டில் தூரிகையை நுழைத்து எழுதினான்.

அன்றைக்குப் புதுக் கரி ஒட்டி, அறையைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

மறுநாள் இன்னும் ஆழமாகப் பள்ளம்.

டூட்டி முடிந்து வந்த சுருளியை முற்றத்தில் மடக்கினான். "மாப்ள, பின்கட்டுக்குப் போனியா?"

"பூட்டுன ரூமுக்குள்ள நா எப்படி மச்சான் போக?" சுருளி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அந்தச் சட்டையில் வியர்வையே இல்லை. எஞ்சினில் வெந்துவிட்டு வருகிறவன் சட்டை பிழிந்தால் சொட்ட வேண்டும். "ஒரு கூத்து கேளு. ரெண்டு நாளா நான் கரியே அள்ளல. பரவை ஸ்டேஷன் தாண்டுற வரைக்கும் அடுப்பு தன்னால எரியிது. ஸ்டீம் இறங்கவே மாட்டேங்கிது. டிரைவர் என்னைய மெச்சிக்கிறாரு."

கையைக் காலை நீட்டி ஓய்வாகச் சிரித்தான். சிரித்தபோது உதட்டோரம் வறண்டு வெடித்திருந்ததை நல்லகாமன் பார்த்தான். கள்ளச் சாவி வைத்திருக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தான். வெட்கமாக இருந்தாலும், சுருளி கழற்றிப் போட்ட சட்டைப் பையைத் துழாவினான். சாவி இல்லை. விரல் நுனியில் செம்மண் ஒட்டியது.

அடுத்து வந்த நாட்களில் சந்தேகம் அவனை நிம்மதியாக ஒரு வாய் தின்ன விடவில்லை. சுருளி எங்கே போகிறான், எங்கே உட்காருகிறான் என்று வேவு பார்த்தான். சுருளி எங்கேயும் போகவில்லை. டூட்டிக்கும் போகவில்லை. முன்கட்டில் சுவரோரமாக உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். வைத்த சோறு வைத்த இடத்தில் காய்ந்தது. கிண்டல் இல்லை, பேச்சும் இல்லை. கூப்பிட்டால் கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பும், திரும்பும்போது நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும், பல்லைக் கடிக்கிறானோ என்று நல்லகாமன் பார்த்தால் வாய் மூடித்தான் இருக்கும்.

"காய்ச்சலும் இல்லண்ணே. மேலு சில்லுனு கெடக்கு" என்றாள் பாண்டியம்மாள். அவள் கண் வீங்கியிருந்தது. "குளிக்கச் சொன்னா தண்ணியப் பாத்து ஒதுங்குறாரு. பாயெல்லாம் புழுதி. எம்புட்டுப் பெருக்குனாலும் வருது. இந்த நேரத்துல இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நா என்னண்ணே பண்ணுவேன்?"

"ஒண்ணும் ஆகாது. நா இருக்கேன்ல."

"ஈரத் துண்டால தொடச்சாச்சும் விடுறேன்" என்று கிணற்றடிக்குப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரம். மழை ஓட்டின் மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நல்லகாமன் பின்கட்டைத் திறந்தான். பெயிண்ட் வாசனை இல்லை. அதற்குப் பதிலாகக் கரிப்புகை, சூடான எண்ணெய், அவற்றுக்கு அடியில் வேலை செய்கிற மனிதனின் அக்குள் வாசனை. மழைச் சத்தத்தின் ஊடே இன்னொரு சத்தம் கேட்டது. சரக். சற்றுப் பொறுத்து, சரக். தகரத்தில் கரிவாரி உரசுகிற சத்தம், ஆனால் கொசு ரீங்காரம் அளவுக்குச் சின்னதாக.

டெண்டர் காலி.

சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டே போனான். சத்தம் நின்றது. அடுப்பு வாயில் ஜிகினாத் தாள் இல்லை, சாம்பல் இருந்தது. சாம்பலுக்குள் சிவப்பாக ஏதோ கண் சிமிட்டியது. பொம்மை அவன் ஒட்டிய இடத்தில்தான் நின்றது. வெறுங்கரிவாரியைத்தான் அவன் கொடுத்திருந்தான். இப்போது அதில் ஒரு கரித் துணுக்கு.

பொம்மையைத் தொட்டான்.

சுட்டது.

விரல் ஈரமாகியிருந்தது. நாக்கில் வைத்தான். உப்பு.

விளக்கை மேசையில் வைத்தான். எழுமலையில் அப்பா குதிரைகளுக்குக் கண் திறக்கிற நாள் நினைவுக்கு வந்தது. கோயில் போய்ச் சேருகிற வரை முகத்தைத் துணி போட்டு மூடித்தான் வைப்பார். கண் எழுதியதும் எதிரே கண்ணாடி பிடிப்பார். அது முதலில் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். வேறொன்றைப் பார்த்துவிட்டால் அதையேதான் கேட்கும் என்பார். பெயிண்டர் உத்தியோகம் பார்த்த இத்தனை வருஷத்தில் அதெல்லாம் மறந்துபோயிருந்தது. எஞ்சின் பொம்மைக்கு எதற்குக் கண்ணாடி?

இது முதலில் நெருப்பைப் பார்த்தது. பார்த்த முகம் மாப்பிள்ளையின் முகம்.

குறடு ஒன்றை எடுத்துப் பொம்மையின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். பொம்மை கரிவாரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை பிய்ந்து வந்து உள்ளங்கையில் விழுந்தது. மெத்தென்று இருந்தது. மண் இல்லை. மார்பு ஏறி இறங்கியது. பாதம் பிய்ந்த இடத்திலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் அவன் கைரேகையில் ஓடியது.

இது மாப்பிள்ளை என்றால், முன்கட்டில் உட்கார்ந்திருப்பது?

சுடாத மண்.

ஈரத் துண்டு.

ஓடினான். நிலையில் தலை இடித்தது. முற்றத்தில் வழுக்கினான். எழுந்தான். கையை மட்டும் மூடியே வைத்திருந்தான்.

முன்கட்டில் விளக்கு மாடத்தில் இருந்தது, வெளிச்சம் தங்கையின் முதுகில்தான் விழுந்தது, அவள் எதிரே இருந்த முகம் நிழலில் கிடந்தது. பாண்டியம்மாள் சுவரோரம் மண்டியிட்டு, ஒரு கையால் புருஷன் தலையைத் தாங்கி, மறு கையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வாளியில் தண்ணீர் சிவந்து கூழாகிக் கிடந்தது. துண்டைப் பிழிந்தாள். திரும்பவும் துடைத்தாள். குழந்தையைத் துடைக்கிற மாதிரி, நெற்றியிலிருந்து தாடைக்கு, அழுத்தமாக.

"இம்புட்டு அழுக்கு எங்கிட்டுருந்துதான் வருதோ" என்றாள், திரும்பாமல். "தொடைக்கத் தொடைக்க வந்துக்கிட்டே இருக்குண்ணே."

மூக்கு போயிருந்தது. மீசை போயிருந்தது. வாய் இருந்த இடத்தில் அவள் விரல்தடம் மட்டும். துண்டைப் பிடிக்க மறுகையை நீட்டினான். மூடிய கைக்குள் சுண்டுவிரல் அளவு உடம்பு துள்ளித் துடித்தது. ஊசி முனைக் குரலில் அது கத்தத் தொடங்கியது. பாண்டியம்மாள் துண்டை மறுபடி நனைத்து, புருஷனின் கண்களைத் துடைக்கப் போனாள்.