ஆறாவது மைக்

இதயத் துடிப்பில் ஒன்று குறைந்தது.

சமையலறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆறாவது மைக், கூடத்தில் பிணமாகக் கிடக்கும் வயதான நடிகரின் நெஞ்சில், சட்டைக்குள் ஒட்டப்பட்டிருந்தது. தொண்ணூறு நிமிடம் அசையாமல் கிடந்துவிட்டுக் கடைசியில் கண் திறந்து "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பதுதான் அவர் வேடம். அதுவரை பிள்ளைகளாக நடிப்பவர்கள் அவரைச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். ஒரே கேமரா, ஒரே ஷாட். இங்கே எடுக்க எடுக்கவே நேரலையாகத் தியேட்டரில் நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்த வழியில்லை.

சத்தம் வரக் கூடாதென்று ஃபேனை அணைத்து, ஜன்னல்களை மெத்தைகளால் அடைத்திருந்ததால், பிற்பகல் வெக்கையில் வியர்வையும் பிளாஸ்டர் பசையும் விளக்குகளின் சூடேறிய தகரமும் ஒன்றாகக் கலந்த நெடி மூச்சை அடைத்தது.

தொடங்குவதற்கு முன் பெரியவர் ஒலிப்பதிவாளரிடம் கேட்டிருந்தார்: "தம்பி, கொஞ்சம் தண்ணி."

"மைக் ஒட்டியாச்சு பெரியவரே. குடிச்சா வயிறு கடமுடன்னு கத்தும். பொணத்துக்கு ஏது தாகம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அதுவும் சரிதான். செத்தவன் வாயைத் திறக்கக் கூடாது" என்று படுத்துக்கொண்டார்.

தண்ணீர் பாட்டில் ஒலிப்பதிவாளரின் முழங்கையருகே இருந்தது. கை நீட்டினால் போதும். கடவுள் மனிதனிடம் அதற்குமேல் பெரிதாக எதையும் கேட்பதில்லை.

இப்போது நாற்பதாவது நிமிடம். மறுபடியும் ஒரு துடிப்பு தவறியது. வறண்ட தொண்டையில் உரசியபடி எழும்பிய மூச்சு பாதியில் நின்று, திரும்பக் கரகரத்தது.

"ஆறுல என்னய்யா இரைச்சல்?" ஹெட்போனில் டைரக்டர். "தியேட்டர்ல கேக்குது. மூடுங்க."

"பெரியவருக்கு என்னமோ..."

"நடிக்கிறார்யா. ரெண்டு வருஷ உழைப்பு. கெடுத்துடாதீங்க."

ஒலிப்பதிவாளர் மிக்ஸரில் ஆறாவது மைக்கின் குமிழைக் கீழே இழுத்தார். கரகரப்பு போயிற்று. இருபது வருடமாக அவர் செய்துவந்த வேலை அதுதான், வேண்டாத சத்தத்தை நீக்குவது.

கூடத்தில் மகள் அழுதாள், மகன் கத்தினான். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. விரல் அந்தக் குமிழின் மேலேயே இருந்தது. எண்பத்தெட்டாவது நிமிடம் கேமரா கட்டிலை நெருங்கியபோது மேலே தள்ளினார்.

ஒன்றுமில்லை.

துடிப்பில்லை. மூச்சில்லை.

மானிட்டர் முழுக்கப் பெரியவரின் முகம். மூடிய உதடுகள். ஓரத்தில் ஓர் ஈ.

அப்போது காதுக்குள், மிக அருகில்:

"தம்பி, கொஞ்சம் தண்ணி."

உதடு அசையவில்லை. ஈ பறக்கவில்லை.

"வசனத்தை மாத்திட்டாரே!" டைரக்டர் கிசுகிசுத்தார். "பரவால்ல, பிரமாதம். தியேட்டரே கப்சிப். யாரும் குறுக்க போகாதீங்க!"

"தம்பி."

ஒலிப்பதிவாளர் பாட்டிலோடு எழுந்தார். ஹெட்போன் ஒயர் மேசையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் இழுபட்டது. கேமராவுக்கு முன்னால் போய் மண்டியிட்டார். அந்த வெக்கையிலும் பெரியவரின் நெற்றி சில்லென்றிருந்தது. உதடுகளைப் பிரித்து ஊற்றினார். தண்ணீர் வாயில் நிரம்பியது. வழிந்தது. தலையணையில் பரவியது. தொண்டை அசையவில்லை.

ஒயரின் முனை தரையில் கிடந்தது, எதிலும் செருகப்படாமல்.

காதுக்குள் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம்.

பாட்டில் காலியானது.

குடிப்பது நிற்கவில்லை.