மெழுகு நிறக் கட்டம்

டெஸ்ட் ஃபிலிமின் ஓரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டும் சாம்பலாக வந்திருந்தது. அவளுடைய மேல்சட்டை நல்ல சிவப்பு. பக்கத்தில் வரிசையாக இருந்த நிறக் கட்டங்களிலும் பெரிய குறையில்லை. முகத்தில்தான் உயிர் இல்லை.

"அந்தம்மாவுக்கு என்னா ஆச்சு, ரத்தசோகையா? கேப்பைக் கூழ் ஊத்து, சரியாப் பூடும்" என்று கதவுத் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்துச் சிரித்தார் பிரான்சிஸ்.

ஆரோக்கியசெல்வி சிரிக்கவில்லை. "நீங்க கடையப் பாருங்க. தோ வர்றேன்."

"சோறு ஆறிப் போவுது செல்வி" என்றபடி அவள் கணவர் முன்பக்கம் போனார்.

திண்டிவனத்தில் அவர்கள் நடத்தும் ஸ்டுடியோவின் பின்னறை அது. வெளியே நண்பகல்தான்; ஆனாலும் நிறம் பார்க்கிற அறை என்பதால் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். தகரக் கூரையில் மழை ஓயாமல் இரைந்தது. ஸ்கேனர் விளக்கில் சுட்ட தூசியின் வாசனையும், மாதா படத்தின் கீழே வாடிய மல்லிகையின் வாசனையும், வெள்ளத்தில் ஊறி இன்னும் காயாத ஆல்பங்களின் புளித்த வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் நின்றன.

ஒவ்வொரு ஸ்கேனரும் நிறத்தைக் கொஞ்சம் தப்பாகத்தான் பார்க்கும். அதைத் திருத்த, டெஸ்ட் ஃபிலிமை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய சரியான எண்களைக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அது இரண்டையும் ஒப்பிட்டு ஒரு புரொஃபைல் செய்துகொடுக்கும். அதன் பிறகு எந்த நெகட்டிவைப் போட்டாலும் அந்தப் புரொஃபைல் சொல்கிற நிறம்தான் வரும். ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்களையெல்லாம் செல்வி அப்படித்தான் மீட்டுக் கொடுத்தாள்.

தன் வீட்டுப் படங்களை அவளால் மீட்க முடியவில்லை. மகள் ரோஜா காய்ச்சலில் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் சிரித்த படம், ஓடிய படம், கோயிலில் புதுநன்மைச் சடங்குக்கு வெள்ளை கவுன் போட்ட படம் எல்லாவற்றையும் வெள்ளம் கரைத்துவிட்டது. ஸ்டுடியோவின் மேல் தட்டில் இருந்த ஒரே ஒரு நெகட்டிவ்தான் தப்பியது. அடக்கத்துக்கு முன்னால், பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொண்ட படம். பெட்டிக்குள் ரோஜா கண்மூடி, விரல்களில் ஜெபமாலை சுற்றி, மெழுகாகக் கிடந்தாள்.

என் பிள்ளை இந்த நிறம் இல்லையே என்று செல்வி பல நாள் அழுதாள். இன்று காலை, டெஸ்ட் ஃபிலிமின் மெழுகு நிறக் கட்டத்துக்கு உரிய எண்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ரோஜாவின் கன்னத்துக்கு உரிய எண்களைக் கொடுத்தாள். அந்தக் கன்னத்தின் நிறம் அவளுக்கு மறக்கவில்லை. இது பொய் இல்லை, பாசம்தான் என்று மாதாவிடமும் சொல்லிவைத்தாள்.

அந்தப் புதுப் புரொஃபைலால் வெள்ளைக்காரியின் முகம் போனால் போகட்டும். செல்வி ரோஜாவின் நெகட்டிவைப் போட்டாள்.

ஸ்கேனர் மெல்ல உறுமிக்கொண்டு நகர்ந்தது. படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாகத் திறந்தது. பூக்கள். பெட்டியின் விளிம்பு. பிறகு, வெயிலில் விளையாடிவிட்டு வந்து படுத்தவளைப்போல, ரோஜாவின் கன்னம்.

"கண்ணு" என்றாள் செல்வி. கண்ணீர் வழிந்தது. தன்னைத் தவிர, பெட்டியைச் சுற்றி நின்றவர்களின் முகமெல்லாம் சாம்பலாகியிருந்ததை அவள் அப்புறம்தான் கவனித்தாள்.

போன் அடித்தது. திண்டிவனம் பக்கத்து வல்லத்திலிருந்து மலர்விழி, பிரான்சிஸின் அக்கா சவுரியம்மாளின் மகள்.

"அத்தை, அம்மாவுக்குத் திடீர்னு ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சு. மூஞ்சில ரத்தமே இல்ல. விழுப்புரத்துக்குத் தூக்கினு போறோம். மாமாவ ஜல்தியா வரச் சொல்லுங்க."

செல்வி கணினித் திரையைப் பார்த்தாள். பெட்டியின் தலைமாட்டில் நிற்பது சவுரியம்மாள்.

இருக்காது என்று மறுபடி ஸ்கேன் செய்தாள். இந்த முறை சவுரியம்மாளின் உதடு கறுத்திருந்தது. பக்கத்தில் நின்ற பிரான்சிஸின் உதடும். ரோஜாவின் விரல்களில் ஜெபமாலை தளர்ந்திருந்தது. இமைகளுக்கு நடுவே மெல்லிய ஈரக் கோடு.

மழை நின்றது. அறையில் ஒரு மூச்சுச் சத்தம். சின்ன மூச்சு.

"செல்வி." பிரான்சிஸ் கதவுத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குளிருது செல்வி. ரொம்பக் குளிருது." அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள். சாம்பல் நிறம். நகங்களும் சாம்பல்.

இன்னொரு முறை ஸ்கேன் செய்தால் ரோஜா கண் திறந்துவிடுவாள். அது செல்விக்குத் தெரிந்தது. விரல் தானாகவே பட்டனைத் தேடியது.

அடக்கத்தன்றும் இன்றைப்போலவே மழை. கல்லறை வரை பிரான்சிஸ் பெட்டிக்குத்தான் குடை பிடித்து வந்தார். தான் முழுக்க நனைந்தார். பிள்ளைக்குக் குளிரும் என்றார். அந்தக் கைதான் இது.

"மன்னிச்சிக்க கண்ணு" என்றாள். புதுப் புரொஃபைலை அழித்தாள்.

பிரான்சிஸ் நீளமாக மூச்சு இழுத்தார். கையில் மெல்லச் சூடு ஏறியது. "என்னாடி அழுவுற? தல சுத்திச்சு, அவ்ளோதான். பசி" என்றார்.

போன் மறுபடி அடித்தது. "அத்தை, அம்மா எழுந்து டீ கேக்குது. பயப்படாதீங்க" என்றாள் மலர்விழி.

"ஸ்தோத்திரம் மாதாவே." செல்வி கணவரைச் சாப்பிட அனுப்பினாள். பிறகு, எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்க, பழைய புரொஃபைலோடு அந்த நெகட்டிவை ஒரே ஒரு முறை ஓடவிட்டாள்.

கோடு கோடாகத் திறந்தது. சவுரியம்மாளின் முகத்தில் நிறம். பிரான்சிஸின் முகத்தில் நிறம். பூக்கள். பெட்டி.

ரோஜா மறுபடி மெழுகாகியிருந்தாள்.

கண்கள் திறந்திருந்தன. வாய், அழப்போகிற பிள்ளையின் வாய். ஜெபமாலை கீழே கிடந்தது. ஒரு கை பெட்டிக்கு வெளியே நீண்டு, பக்கத்தில் நின்ற அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்திருந்தது.

படத்தில் நின்ற செல்வி அது தெரியாமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.