கைக்கு அளவெடுத்த பிடி

2005 ஆகஸ்ட் மாதம். நட்டநடு மத்தியானத்தில் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளக் கரையோடு நடந்தேன். வெயில் உப்பில் பட்டுத் திரும்பி மூஞ்சியில் அறைந்தது. இந்த நேரத்துக்கு வரச் சொன்ன மனுஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன்.

என் பெயர் அய்யனார். குயிலாப்பாளையத்தில் மரப் பட்டறை வைத்திருக்கிறேன். லைசென்ஸ் உள்ளவர்களின் ரிவால்வருக்கு மரத்தில் கைப்பிடி செய்வது என் தொழில். சிரிக்காதீர்கள், அதற்கும் ஆள் இருக்கிறார்கள். துப்பாக்கியை நான் தொடவே மாட்டேன், சட்டம் விடாது. பிடியை மட்டும் செய்து கொடுப்பேன். சொந்தக்காரர்தான் ஸ்குரூ போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். என் பிடியைப் பிடித்த கை எவ்வளவு வேர்த்தாலும் நழுவாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

உப்பள முதலாளி ராஜவேலின் பழைய வீடு பாத்தி ஓரத்தில் தனியாக நின்றது. ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடந்தது. வெளிச்சத்திலிருந்து உள்ளே போன எனக்குக் கண்ணே தெரியவில்லை. ஈர உப்பு வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

“வாங்க” என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. கண் பழகியதும்தான் அவரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பல மாதத் தாடி. மேஜை மேல் பழைய பிடியைக் கழற்றி வைத்திருந்தார்.

“இது நல்லாத்தானேங்க இருக்குது?”

“நழுவுது.”

“கை வேர்க்குதா?”

“இல்ல. கெட்டியாத்தான் புடிக்கிறேன். யாரோ உருவுற மாதிரி நழுவிடுது.”

அளவெடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு வாரம் கழித்து, ஈட்டி மரத்தில் முரட்டுப் பிடி ஒன்றைச் செதுக்கிக் கொண்டுபோய், எண்ணெயில் குழைத்த கரியை அதன் மேல் பூசிக் கொடுத்தேன். விரல் அழுந்துகிற இடத்தில் கரி கையோடு போய்விடும், மரம் வெளுப்பாகத் தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் இழைப்பேன்.

“எப்பவும் எப்படிப் புடிப்பீங்களோ, அப்படியே புடிச்சிப் பாருங்க. நாளைக்கு வர்றேன்.”

மறுநாள் பிடியை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

கட்டைவிரல் தடம் தப்பான பக்கத்தில் இருந்தது.

இருபது வருஷமாக இதே வேலை செய்கிறேன். யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. துப்பாக்கிக் குழலைத் தன் நெஞ்சுப் பக்கமாகத் திருப்பினால் மட்டும்தான் விரல் அங்கே விழும்.

அது மட்டுமில்லை.

அவருடைய விரல் தடங்களுக்குள்ளேயே வேறு விரல்கள் இருந்தன.

நான்கு விரல்கள். சின்னஞ்சிறுசு. அவர் கைக்கும் மரத்துக்கும் நடுவில் யாரோ விரலை நுழைத்து நெம்பியிருந்தார்கள்.

பின்கட்டில் மங்கம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சமைக்கிறவள். “வீட்ல குழந்தை இருக்குதாம்மா?” என்று கேட்டேன். கழுவிய மீன் அவள் கையிலிருந்து சட்டியில் விழுந்தது.

“ஏம்பா, வந்தமா வேலையப் பாத்தமான்னு இல்லாம எதுக்கு அதக் கேக்குற?” என்று சீறினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். “மலர்கொடின்னு ஒரே பொண்ணு. எட்டு வயசு. சுனாமி அன்னிக்குக் கடலப் பாக்கணும்னு அடம் புடிச்சிச்சு. இவருதான் கூட்டிக்கினு போனாரு. தண்ணி வந்தப்போ கையப் புடிச்சிக்கினுதான் இருந்தாராம். வுட்டுப்போச்சு. ஒடம்புகூட கெடைக்கல. பெத்தவ அம்மா வூட்டுக்குப் போனவதான், இன்னும் திரும்பல.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! நேராக உள்ளே போய்ப் பிடியை அவர் முன்னால் போட்டேன்.

“இதுக்குத்தான் என்னக் கூப்ட்டீங்களா? சாவறதுக்கா? நல்லாப் பாருங்க. அது நழுவலங்க. உங்க பொண்ணு உருவுது.”

ராஜவேல் அந்தச் சின்னத் தடத்தின் மேல் தன் சுண்டுவிரலை வைத்தார். பிறகு அந்த மனுஷன் அழுத அழுகை என் எதிரிக்கும் வரக்கூடாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பாடா, தப்பித்தார் என்றுதான் நினைத்தேன்.

“கரி டப்பாவ வச்சிட்டுப் போங்க” என்றார்.

மகளின் தடத்தைப் போட்டோ மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து, முட்டாள் நான், வைத்துவிட்டு வந்தேன்.

மனசு கேட்காமல் பத்தாம் நாள் மறுபடி போனேன். ராஜவேல் முகம் மழித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

“தெனமும் வர்றா” என்று கிசுகிசுத்தார். “நான் அத நெஞ்சுகிட்ட கொண்டுபோனாப் போதும், வந்துடுறா. வெரலு ஜில்லுன்னு இருக்குது.”

ஒவ்வொரு நாளும் பிடியின் மேல் வெள்ளைத் தாளை அழுத்தித் தடம் எடுத்து வைத்திருந்தார். பெருமையோடு என்னிடம் நீட்டினார். நான் தரையில் வரிசையாகப் பரப்பினேன்.

முதல் தாளில் நான்கு விரல்கள்.

அப்புறம் மூன்று.

இரண்டு.

நேற்றைய தாளில் ஒரே ஒரு விரல். அதுவும் நுனி மட்டும்.

அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மகள் வருகிற சந்தோஷத்தில் விரலை எண்ணவில்லை.

“கொழந்தைக்குக் கை ஓஞ்சிப்போச்சுங்க” என்றேன். “எட்டு வயசுப் புள்ள, எத்தன நாளைக்கு உங்களோட மல்லுக்கட்டும்? பாவம், வுட்டுடுங்க.”

அவர் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வுட்டா, வரமாட்டாளேப்பா.”

“வராதுங்க.” பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுந்து, தானே பிடியைக் கழற்றி அடுப்பில் போட்டார். தாள்களையும் போட்டார். கிணற்றடியில் சோப்பு போட்டுக் கையை வெளுக்க வெளுக்கக் கழுவினார். கரி டப்பாவைப் பாத்தித் தண்ணீரில் நானே கொட்டினேன். அப்படியே இருவரும் நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். துப்பாக்கியை ஒப்படைத்து, லைசென்ஸும் இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் வெறுங்கையோடு வெளியே வந்தார். பெற்ற பிள்ளையை இரண்டாம் முறை பறிகொடுத்த முகம் அது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

திரும்பும்போது உப்பளக் கரையில் எனக்கு முன்னால் நடந்தார். பாதி வழியில் முதுகு குனிந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார்.

“முதுகு வலிக்குதாங்க?”

“இல்லப்பா. என்னமோ கனமா இருக்குது.”

கிட்டே போனேன். வெள்ளைச் சட்டையின் தோள் இரண்டிலும் கரி. சின்னஞ்சிறு உள்ளங்கைகள், ஐந்து விரலும் முழுசாக, இறுக்கிப் பிடித்த தடம்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் லேசாக ஒரு எம்பு எம்பி, முதுகில் இருந்ததை மேலே ஏற்றிக்கொண்டு, வீட்டைப் பார்த்து மெதுவாக நடந்தார்.