கஸ்பார் மாட்டாமல் விட்ட பேரிங்

“நாலு மணி! அதுக்கு மேல தரவையில ஒரு நிமிஷம் நின்னாலும் நாமளும் மீனுக்குத்தான்!”

டிரெய்லரில் கயிற்றைக் கட்டிக்கொண்டே தொம்மை அண்ணன் கத்தினார். சங்கு குளிக்கிறவர். கடல் விஷயத்தில் அவர் விளையாட்டுப் பேச்சுப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

ஜெனிட்டா ஏ.டி.வி. என்கிற நாலு சக்கரச் சேற்று வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள். அவள் புருஷன் கஸ்பார், ஊரிலேயே பெரிய மெக்கானிக். உடைந்த விசைப்படகு ஒன்றிலிருந்து பம்பைக் கழற்றி வருகிறேன் என்று நேற்றுத் தோணியில் போய்ப் பேய்த்திட்டு என்கிற மணல் திட்டில் இறங்கினவன் திரும்பவில்லை. விடிகாலையில் தூரத்திலிருந்து பார்த்தது தொம்மை அண்ணன்தான். உட்கார்ந்தபடியே சட்டையை வீசுகிறானாம். எழுந்து நிற்கவே இல்லையாம்! கால் போச்சு என்றுதான் அர்த்தம்.

இன்றைக்குப் பார்த்துக் காற்று கிளம்பிவிட்டது. திட்டைச் சுற்றியுள்ள பாறைமேல் அலை உடைகிறது, படகு கிட்டப் போக முடியாது. மீட்புப் படைக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். அமாவாசை ஏற்றத் தண்ணீரோ இந்தக் காற்றோடு சேர்ந்து சாயங்காலத்துக்குள் திட்டையே மூடிவிடும். மிச்சமிருப்பது ஒரே வழி. தண்ணீர் வற்றிக் கிடக்கிற நேரத்தில், தரவை என்கிற உப்புச் சேற்று வெளியில் ஒன்பது கிலோமீட்டர்!

“மதினி, நானும் வாறேன். எங்கண்ணன் அது!” என்று கஸ்பாரின் தங்கை சில்வியா ஓடி வந்தாள். கையில் மீன் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி. ஐஸுக்கு நடுவில் தண்ணீர் பாட்டில்கள்.

“ஏறுட்டி, பேசாம!”

வண்டி பாய்ந்தது. சேறு இரண்டு பக்கமும் தெறித்தது. வெள்ளை வெளேரென்ற உப்பில் கண் கூசியது. அடையாளத்துக்கு ஒரு மரம் கூடக் கிடையாது. தொம்மை அண்ணன்தான் பின்னாலிருந்து “வலத்த ஒடி! அங்க புதைகுழி! இடத்த, இடத்த!” என்று வழி சொன்னார். நாலு கிலோமீட்டர் போயிருப்பார்கள். முன் சக்கரத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் கிறீச். அப்புறம் சக்கரம் ஒரேயடியாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

ஜெனிட்டா குதித்து இறங்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாள். லொடலொடவென்று ஆடியது. உள்ளே பேரிங் நொறுங்கிவிட்டது. டூல்ஸ் பெட்டியைத் திறந்தாள். இரண்டு புதுப் பேரிங், கவர் கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன!

“அடப்பாவி மனுஷா! வாங்கி ஒரு மாசமாச்சு! ஊர்ல உள்ள வண்டிக்கெல்லாம் ராப்பகலா மாத்துறவருக்குச் சொந்த வண்டிக்கு மாத்த நேரமில்ல!” கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்தது.

“நடந்து போயிருவோமா மதினி?”

“போயிரலாம். உங்கண்ணனைத் தூக்கிட்டு ஒம்பது கிலோமீட்டர் சேத்துல வர முடியுமா? அதுக்குள்ள தண்ணி வந்துரும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தாள். “மாத்திருவோம்.”

“உனக்குத் தெரியுமா தாயி?” என்றார் தொம்மை அண்ணன்.

நல்ல கேள்வி! அவள் ஒரு பேரிங்கைக் கூட இதுவரை கையால் மாட்டியதில்லை. ஆனால் பட்டறையும் அடுப்படியும் ஒரே சுவர். வேலை பழக வரும் பையன்களைக் கஸ்பார் திட்டுகிற திட்டு ஆறு வருஷமாகக் குழம்போடு சேர்ந்து கொதித்து அவள் காதில் விழுந்திருக்கிறது. ‘உள் வளையத்துல அடிக்காதலே! சூடு காட்டுலே! மரை போயிரும்லே!’

“காது தெரிஞ்சு வச்சிருக்கு. கைக்குச் சொல்லிக் குடுத்துருவோம்” என்றாள்.

கரை ஒதுங்கிக் கிடந்த பலகையைக் கொடுத்து வண்டியை நெம்பித் தூக்கினார்கள். நட்டு கழலாமல் இருக்கச் செருகியிருந்த ஊசியைப் பிடுங்கி நட்டைக் கழற்றினாள். சக்கரம் வரவில்லை! உப்புத் துரு அச்சோடு ஒட்ட வைத்திருந்தது. டூல்ஸ் பெட்டியில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, மூன்று பேரும் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து “இழு!” என்று ஒரு இழுப்பு. சக்கரம் கழன்றது. மூன்று பேரும் சேற்றில் மல்லாந்தார்கள். சில்வியா சிரித்தே விட்டாள்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பேரிங்கின் உள் வளையம் மட்டும் அச்சிலேயே இறுகிக் கிடந்தது. தட்டினாள், நெம்பினாள், அசையவே இல்லை.

“உடைச்சிருவோம். அண்ணே, உங்க முங்குற கண்ணாடியக் குடுங்க!”

சங்கு குளிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வளையத்தின்மேல் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். ஒன்று. இரண்டு. ஏழாவது அடியில் டக்! வளையம் பிளந்து விழுந்தது. அச்சில் கீறல் கூட இல்லை.

அடுத்தது புதுசை ஏற்றுவது. சக்கரத்திலிருந்து பேரிங் உட்காருகிற நடு உருண்டையைக் கழற்றி, ஒதுங்கிக் கிடந்த காய்ந்த விறகில் தீ மூட்டி அதில் வைத்தார்கள். புதுப் பேரிங் இரண்டையும் பாலிதீன் பையில் சுற்றி மீன் ஐஸுக்குள் புதைத்தாள். சூட்டில் உருண்டை விரியும், குளிரில் பேரிங் சுருங்கும். சூடு பார்க்க உருண்டை மேல் தண்ணீர் தெளித்தாள். சுர்ர்! பழைய பேரிங் தட்டியதும் தானே உதிர்ந்தது. புதுசை எடுத்து வைத்தாள். பொத்தென்று போய் உட்கார்ந்தது! திருப்பிப் போட்டு அடுத்ததையும் வைத்தாள். பொத்!

“ஆத்தாடி!” என்று தொம்மை அண்ணன் கை தட்டினார்.

“மதினி…” சில்வியாவின் குரல் இறங்கியிருந்தது. சேற்றிலிருந்து விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினாள். “இது எங்க போகணும்?”

ஜெனிட்டா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய குழாய்! அது இல்லாமல் நட்டை முடுக்கினால் பேரிங் ஒரு கிலோமீட்டர் தாங்காது. அடித்து வெளியே எடுத்தால் புதுசும் கெட்டுவிடும். வேறு கிடையாது. கடல் பக்கம் மினுமினுவென்று தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது.

‘சூடு காட்டுலே!’

“தீய ஊதுட்டி!” என்று கத்தினாள். உருண்டையை மறுபடி தீயில் காட்டி, துணியால் பிடித்துக் குப்புறக் கவிழ்த்துப் பலகைமேல் ஒரு தட்டுத் தட்டினாள். வரவில்லை. இன்னொரு தட்டு. மேல் பேரிங் முழுசாகத் தொப்பென்று விழுந்தது! அதைத் திரும்ப ஐஸில் குளிர வைத்து, குழாயை நடுவில் நிறுத்தி, மறுபடி இறக்கினாள். பொத்! உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. அதை அப்போது அவள் கவனிக்கவே இல்லை.

சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்கியபோது மணி இரண்டே முக்கால். வண்டி பறந்தது!

பேய்த்திட்டைத் தண்ணீர் பாதி தின்றிருந்தது. உடைந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். வலது முழங்கால் வீங்கிக் கிடந்தது. மூன்று பேரையும் கண்டதும் அவன் உதடு துடித்தது. ஆனாலும் தொழில் புத்தி விடுமா?

“வண்டியில சத்தமே வரலையே! யார் மாத்துனா?”

“வாய மூடிட்டு ஏறுங்க மச்சான்! பேச்சு வீட்ல போய்” என்றாள் ஜெனிட்டா. சொல்லிவிட்டு அவன் தலையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

திரும்பும்போது தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது, பிறகு பாதி சக்கரம் ஏறியது. தொம்மை அண்ணன் வண்டிக்கு முன்னால் ஓடிக் காலாலேயே பள்ளம் பார்த்தார். நாலு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது வண்டி கரையேறியது. ஊரே கூடி நின்று விசிலடித்தது!

“சபாஷ் தொம்மை!” என்று யாரோ கத்தினார்கள்.

வழியெல்லாம் சில்வியாவிடம் நடந்ததைக் கேட்டபடி டிரெய்லரில் படுத்து வந்த கஸ்பார் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். “தொம்மை அண்ணன் வழி காட்டுனாரு. என் தங்கச்சி குழாயப் பாத்தா. பேரிங் போட்டது ஜெனிட்டா! ஊரான் வண்டியப் பாத்துட்டுச் சொந்த வண்டியப் பாக்காம விட்ட முட்டாப்பய நான். எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க!”

ஜெனிட்டா கொப்பளித்த கையைப் பின்னால் மறைத்தாள். அவன் பார்த்துவிட்டான். அந்தக் கையை மெதுவாக இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் விடவே இல்லை.